பள்ளிவாசல் தொட்டியின் மீன்கள்

பயமாக இருக்கிறது என்று குழந்தை சொன்னால், அது உண்மையா பொய்யா என்று தாய் எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்று காலை எங்கள் பெங்களூர் வீட்டில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில், என் மகன் அப்படிச் சொன்னான். அப்போது பால்கனியில் புறாக்கள் படபடத்தன. அந்தச் சத்தம் என்னை நான் வளர்ந்த சித்தூருக்குக் கொண்டுபோய்விட்டது.

நைனா, அதாவது என் அப்பா, குவைத்துக்கு வேலைக்குப் போன வருடம் அது. எனக்கு ஆறு வயது. பயந்த குழந்தைகளை மாலையில் நவாப் காலத்துப் பள்ளிவாசலுக்கு அழைத்துப்போவது எங்கள் தெரு வழக்கம். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஓதி, நெற்றியில் ஊதுவார்கள். முதல்முறை நான் உண்மையாகவே பயந்துதான் போனேன். வளைவு வாசலுக்கு உள்ளே, கைகால் கழுவும் கல்தொட்டியில் மீன்கள் நீந்தின. வெள்ளை மினார்களிலிருந்து புறாக்கள் கூட்டமாக இறங்கின. அதன்பின் எனக்கு வாராவாரம் பயம் வந்தது.

ஒருநாள், அத்தர் மணக்கும் தாடிக்காரர் ஒருவர் ஊதிவிட்டுக் குனிந்தார்.

"பயம் போச்சா? இல்ல, இன்னும் மீனு பாக்கணுமா?"

"மீனு பாத்துட்டா போயிடும், தாத்தா."

வாசலில் நின்ற தாய்மார்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"திருடி! நெஜமாவே பயந்துக்கினு கீறன்னு நெனச்சேனேடி!" என்று அம்மா என் காதைத் திருகினாள். ஆனால் அடுத்த வாரம் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு அவளே கேட்டாள்: "ஏண்டி, இந்த வாரம் பயம் வரலியா?"

மகனை இன்று நான் பள்ளிக்கு அனுப்பவில்லை. இப்போது பால்கனியில் புறாக்களை எண்ணிச் சிரித்துக்கொண்டிருக்கிறான். நாளையும் பயம் என்றால் அனுப்புவதா, வேண்டாமா? பிள்ளை வளர்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.