பெஞ்சில் உட்கார்ந்த தியேட்டர்க்காரி

கல்யாணப் பேச்சு நடந்தபோது, பெண் தியேட்டரில் வேலை பார்க்கிறாள் என்று கேட்டதும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. டிக்கெட் கிழிக்கிற பெண்ணா நம் வீட்டுக்கு என்று நினைத்துவிட்டாள். அது சினிமா தியேட்டர் இல்லை, ஆபரேஷன் தியேட்டர் என்று விளங்கவைப்பதற்குள் பெண்ணின் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அன்றிலிருந்து புகுந்த வீட்டில் அவளுக்குத் தியேட்டர்க்காரி என்றே பெயர்.

ஆபரேஷனில் டாக்டருக்குக் கை கொடுப்பதுதான் அவள் வேலை. அவர் கீறினால் இவள் விரித்துப் பிடிப்பாள். ரத்தத்தை உறிஞ்சி இடத்தைத் துலக்கிக் காட்டுவாள். அவர் முடிச்சுப் போட்டால் இவள் நூலை நறுக்குவாள். வருஷக்கணக்கில் எத்தனையோ பேருடைய வயிற்றைத் திறந்து பார்த்தவள், ஒருநாளும் நெஞ்சு படபடத்து நின்றதில்லை.

மாமியாருக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்தபோதுதான் முதல்முறையாகப் படபடத்தது. பெரிய டாக்டரே செய்வதாகச் சொன்னார். "ஆனா நீ உள்ள வரக்கூடாது. சொந்தக்காரங்களுக்குக் கை நடுங்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவளுடைய இடத்தில் வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த பெண் நிற்பாளாம். நல்ல பெண்தான். ஆனால் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடித்தால் அவள் பிடி தளர்ந்துவிடும். இதை வீட்டில் யாரிடம் சொல்வது? இரண்டு ராத்திரி அவள் புரண்டு புரண்டு படுத்ததுதான் மிச்சம்.

மாமியாரை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு, கணவனுக்கும் நாத்தனாருக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் அந்த பெஞ்சைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறாள். உட்கார்ந்து பார்த்ததில்லை. உள்ளே என்றால் முகத்தில் பாதியை மாஸ்க் மூடிவிடும். இங்கே முகம் வெட்டவெளியாக இருந்தது. போதாததற்கு இரண்டு பேரும் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கொட்டாவி விட்டால் கணவனுக்கு நிம்மதி. நெற்றியைத் தேய்த்தால் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமராவை விட்டுப் பித்தப்பையை எடுப்பதாகத்தான் பேச்சு. முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். அதுவும் தாண்டியது. கதவு திறந்து தியேட்டர் ஆயா வெளியே வந்தாள். தியேட்டர்க்காரியைப் பார்த்ததும் பார்க்காதவள்போலத் தலையைத் திருப்பிக்கொண்டு எதிர் அறைக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது பச்சைத் துணி சுற்றிய பெரிய தட்டு கையில் இருந்தது.

அந்தத் தட்டில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது வயிற்றைப் பெரிதாகத் திறப்பதற்கான கருவிகள். துளை வழியாக முடியவில்லை. ஏன் முடியவில்லை? ஒட்டிக்கிடக்கிறதா, ரத்தம் பீறிட்டுவிட்டதா?

"என்ன அண்ணி? மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்றாள் நாத்தனார்.

ஒன்றுமில்லை என்று வாய்வரை வந்தது. கணவனும் திரும்பிவிட்டான். மறைக்க முடியாமல் சொன்னாள்: "துளை போட்டு எடுக்க முடியல போல. கீறித்தான் எடுப்பாங்க. அப்பப்போ நடக்கிறதுதான்."

"நடக்கிறதுன்னா நீங்க ஏன் நடுங்குறீங்க?"

கணவன் மெல்ல, "நீ போய்ப் பாத்துட்டு வந்துடேன்" என்றான். அவன் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை.

உடை மாற்றி, தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு கை கழுவும் தொட்டிவரை போனாள். அதற்கு அப்பால் ஒரு கதவு, கதவில் ஒரு கண்ணாடி. டாக்டரின் முதுகு மறைத்ததால் மாமியாரின் கால் மட்டும்தான் துணிக்கடியில் தெரிந்தது. உறிஞ்சுகுழாய் விடாமல் கொரகொரத்தது. "இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா… அப்படித்தாம்மா…" என்றார் டாக்டர், பூப்போல.

வேலை சரியாகப் போனால் அந்த மனுஷன் எல்லோரையும் வறுத்தெடுப்பார். 'அம்மா' போட்டுப் பேசினால் நிலைமை சரியில்லை என்று அர்த்தம். புதிதாய்ச் சேர்ந்தவளின் தோள் இறங்கிவருவது கண்ணாடியில் தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே பாய்ந்துவிடலாம். குழாயைக்கூடத் திறந்துவிட்டாள். ஆனால் தண்ணீருக்கு அடியில் நீட்டிய விரல்கள் தந்தி அடித்தன. இந்தக் கையை வைத்துக்கொண்டு உள்ளே போனால் டாக்டர் யாரைக் கவனிப்பார்? குழாயை மூடிவிட்டுச் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

அந்தப் பெண் ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தோளை மறுபடி தூக்கினாள். அப்புறம் தளரவே இல்லை. எவ்வளவு நேரம் போனதோ, உறிஞ்சுகுழாய் அடங்கியது. உள்ளேயிருந்து குரல் வெடித்தது: "நூலை வெட்டச் சொன்னா வேடிக்கை பாக்குறியா? கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

தியேட்டர்க்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வசவு அவ்வளவு இனிக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பிறகு எழுந்து ஓடினாள். பெஞ்சில் இருந்த இரண்டு பேரையும் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று தலையை ஆட்டினாள். நாத்தனார் அவள் தோளில் சாய்ந்து அழுதாள்.

மாமியார் நன்றாகத் தெளிந்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்த அன்றைக்கு மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "நீ உள்ள இருந்தியா?"

"இல்ல அத்தை. கதவுக்கு வெளியதான் நின்னேன். உள்ள வரத் தைரியம் வரல."

"நல்லதாப் போச்சு. என் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு மருமகளுக்கு எதுக்குத் தெரியணும்?" என்று சொல்லிச் சிரிக்கப் போய், தையல் இழுத்ததில் முனகினாள்.

அடுத்த வாரம் தியேட்டர்க்காரி வேலைக்குத் திரும்பினாள். கை பழையபடி உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் ஆபரேஷன் இழுத்துக்கொண்டு போனால் மனசு வெளியே ஓடியது. ஒருநாள் அப்படி நேரமானபோது, யாரையாவது அனுப்பி வெளியே இருப்பவர்களிடம் சொல்லலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டாள். இங்கே என்ன செய்தியா வாசிக்கிறோம் என்று அவர் எரிந்து விழுந்தார். சற்று நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே, வெளியே போய்ச் சொல்லிவிட்டு வரும்படி ஆயாவை அனுப்பினார்.