கலுங்கில் மூட்டை அடுக்கிய வருடம்

கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். மேற்கே மலையடியில் இருந்தது என் மனைவி பிறந்த ஊர்; எங்களுக்கு அது மேல ஊர். அவர்களுடைய கண்மாய் நிரம்பி, கலுங்குச் சுவரைத் தாண்டி வழிந்தால்தான் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வறட்சியில் இரண்டுமே வெடித்துக் கிடந்தன. கிணறுகளும் வற்றியதால் மோட்டார் ரிப்பேருக்குக்கூட ஆள் வராமல் என் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் எல்லையில் நம் படையும் பக்கத்து நாட்டுப் படையும் எதிரெதிரே நின்றன. டீக்கடை டிவியில் அதையே காட்டினார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டே மேல ஊரைப் பற்றிப் பேசினார்கள்.

ஐப்பசியில் ஒருவழியாக மலையில் மழை இறங்கியது. சந்தோஷப்பட நேரமில்லை. மேல ஊர்க்காரர்கள் கலுங்கின் மேல் மணல் மூட்டைகளை அடுக்குகிறார்கள் என்று சேதி வந்தது. ஒரு சொட்டும் கீழே விடமாட்டார்களாம். எங்கள் ஊரில் கடப்பாரைகளைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

மேல ஊரில் மூட்டை அடுக்கியவர்களில் என் மச்சானும் ஒருவர். எங்கள் ஊரில் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வீட்டிலும் உட்கார முடியவில்லை, கடையிலும் இருக்க முடியவில்லை. பூத்திலிருந்து அவருக்குப் போன் போட்டேன். என் மனைவியும் பக்கத்தில் நின்றாள்.

“மாப்ள, மூட்டைய எடுத்தா எங்க ஆளுக என்னைய உசுரோட விடமாட்டாங்க. ஒங்காளுக கரைய வெட்ட வாராங்கன்னுதான் இங்க பேச்சு. அம்புட்டுப் பேரும் கம்போட கரையில கெடக்கோம்” என்றார்.

நான் கத்தத் தொடங்கியதும் அவள் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். “அண்ணே, ரெண்டு ஊரும் பயந்துபோய்த்தான் நிக்கிறீக. எங்க ஆளு அங்க வந்து உக்காரட்டும், ஒங்க ஆளு இங்க வந்து உக்காரட்டும். எதுத்தாப்புல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா யாருக்கு என்ன சந்தேகம்?”

இதை ஒத்துக்கொள்ள வைக்க இரண்டு ஊர்க் கூட்டத்திலும் ஏச்சு வாங்கினோம். கடைசியில், கரையிலிருந்த மடைக்கல்லின் விளிம்பைத் தண்ணீர் தொட்டதும் மூட்டைகளை எடுப்பது என்று முடிவானது. அதுவரை அவர்களுக்கு, அதற்குமேல் எங்களுக்கு. எங்கள் ஊர் சார்பில் நானும் இரண்டு பேரும் மேல ஊர்க் கரைக்குப் போனோம். அவர்கள் ஊரிலிருந்து மூன்று பேர் எங்கள் சாவடியில் வந்து தங்கினார்கள். எங்கள் வீட்டில்தான் அவர்களுக்குச் சாப்பாடு.

கரையில் என்னால் ஒரு பீடியைக்கூட நிம்மதியாக இழுக்க முடியவில்லை. யாராவது எழுந்தால் நானும் எழுந்தேன். கீழே எங்கள் ஆட்கள் வாக்குத் தவறி அந்த மூன்று பேரையும் அடித்துவிட்டால் என் கதி என்ன என்றும் யோசனை.

மறுநாள் மதியம் மழை வெளுத்து வாங்கியது. தண்ணீர் கல்லைத் தொட்டது. யாரும் அசையவில்லை. “இன்னும் ஒரு சாண் ஏறட்டுமே” என்று மேல ஊர்க்காரர் ஒருவர் முனகினார். அப்போதுதான் கரையின் வெளிப்பக்கத்தில் கலங்கலாக நீர் கசிவதைப் பார்த்தோம். என் மச்சான் கலுங்கில் இறங்கி முதல் மூட்டையை இழுத்தார்.

“பாத்துக்கிட்டு நிக்கிறீகளேப்பா! கரை போனா நம்மளும் இல்ல, அவுகளும் இல்ல!”

நானும் இறங்கினேன். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். மூட்டைகள் போனதும் தண்ணீர் இடுப்பைத் தள்ளிக்கொண்டு கிழக்கே பாய்ந்தது.

எங்கள் கண்மாய் அந்த வருடம் பாதிதான் நிரம்பியது. ஒரு போகத்துக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த ஐப்பசியிலும் ஆள் மாற்றி உட்கார்ந்தோம். அதற்கடுத்த வருடம் யாரோ திருட்டுத்தனமாக மூட்டை போட, கைகலப்பில் என் மச்சானுக்கு மண்டையில் தையல். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இரண்டு ஊர்க்காரர்களும் மறுபடி பேசி, மறுபடி ஆள் அனுப்பினோம்.

ஊருக்குள் இதைச் சமாதானம் என்றார்கள். எனக்கென்னவோ மேற்கே இடி கேட்டால் இன்றைக்கும் கைவேலை ஓடுவதில்லை.