முதுகு காட்டி நின்ற அம்மா

ஆரையம்பதியில் எங்கள் வளவின் பின்வேலியைத் தாண்டினால் உப்புநீர் வாவி. நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றங்கரையில் ஒருவர் நிற்பதை நீர்வர்ணத்தில் கீறிவரும்படி சித்திர ரீச்சர் சொன்னபோது, அந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க எனக்குக் கூச்சம். அம்மா தானாகவே வந்தார். திருவிழாவுக்கென்று வைத்திருந்த நீலச் சேலையை உடுத்து, பவுடரும் பூசிக்கொண்டு கரையில் நின்றார்.

பக்கத்தில் இறால் கழுவிக்கொண்டிருந்த பெரியம்மா சிரித்தார். "என்ன கா, பொம்புள பாக்க ஆக்கள் வாறாங்களோ?"

"ஓம், என்ட மகள்தான் பாக்கிறாள்."

கிணற்றடிக்குப் போகச் சோம்பல்பட்டு, ஆற்றுத் தண்ணீரையே சிரட்டையில் அள்ளிச் சாயம் கரைத்தேன். வானமும் தண்ணீரும் நன்றாக வந்தன. முகம் கீற எனக்கு வராது. அதனால் என்னையே பார்த்து நின்ற அம்மாவைத் தாளில் ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "என்ட முகம் எங்க?"

"நீங்க ஆத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க."

"நான் உன்னத்தானே பாத்துக்கொண்டு நிண்டன்! வேற தாளில மறுகா கீறு புள்ள. கண், மூக்கு எல்லாம் வெச்சுக் கீறு. தம்பிக்குக் காட்டோணும்."

தம்பி அப்போது தவழ்கிற பிள்ளை. எந்நேரமும் அம்மாவின் இடுப்பில் இருக்கிறவனுக்கு அம்மாவின் படம் எதற்கு? எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நாளும் அம்மா கேட்டார். நான் பாடம் படிப்பதாகச் சொல்லித் தப்பிவிட்டேன்.

அந்தக் கிழமை முடியுமுன்பே அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். எனக்குச் சொன்னது, கொழும்புக்குப் போய் வருவதாக. கடவுச்சீட்டுக்கு எடுத்த படங்களும் அவரோடு போய்விட்டன. வீட்டில் இருந்தது நான் கீறியதுதான். பெரியம்மா அதைத் தம்பிக்குத் தெரியும்படி சுவரில் தாழ்வாக ஒட்டினார்.

மாரி மழை தொடங்கியதும் காய்ந்திருந்த படம் ஈரமாகிச் சேலையின் நீலம் கசிந்தது. "உப்புத் தண்ணியில கரச்சா வேறென்ன செய்யும்?" என்று பெரியம்மா ஏசினார். அதற்குள் தம்பி சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தான். ஒரு நாள் அவன் தாளின் ஈர மூலையை மெல்ல உரித்து, தலையைச் சாய்த்து, அதன் பின்பக்கத்தை எட்டி எட்டிப் பார்த்தான்.

படத்தைக் கிழிக்கப் போகிறான் என்றுதான் அப்போது நினைத்தேன். சோற்றைப் பிசைந்து தடவி, நான்கு மூலையையும் முன்னைவிட இறுக்கமாக ஒட்டிவிட்டேன்.