மலையின் சத்தம் கேட்கும் பிள்ளை

போன வாரம் பதினைந்து வயசுப் பிள்ளை ஒருத்தியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கு வேண்டியதுதான்!

இலங்கையில் அரநாயக்கப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. அதிசய சக்தி உள்ள பிள்ளைகளைப் பற்றி மாணவர்களே எழுதிய விஞ்ஞானக் கதைகள்... புத்தகமாகப் போட அவற்றில் நல்லதாகப் பொறுக்கப் போயிருந்தேன். பறக்கிற பையன், மறைகிற பையன், கண்ணாலேயே இரும்பை வளைக்கிற பையன். அத்தனை பேரும் அமெரிக்காவில்!

ஒரே ஒரு கதைதான் ரப்பர் தோட்டத்தில் நடந்தது. எழுதியவள் தர்ஷிகா. அவள் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்.

கதையில் வரும் பிள்ளைக்கு மண்ணுக்குள் தண்ணீர் ஓடுவது காதில் கேட்கும். ஒருநாள் வகுப்பில் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது — மலை சரியப் போகிறது. கங்காணியிடம் ஓடுகிறாள். "போய்ப் படி!" என்கிறார். தோட்டத்தை நடத்தும் துரை சிரிக்கிறார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் கதவு கதவாகத் தட்டுகிறாள். யாராவது அசையணுமே?

கடைசியில் தோட்டத்து ரப்பர் பெக்டரிக்குள் புகுந்து, காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் சங்கை ஊதிவிடுகிறாள். பிற்பகல் மூன்று மணிக்கு! என்னவோ ஏதோ என்று மொத்த லயமும் திட்டிக்கொண்டே பெக்டரிக்கு ஓடி வருகிறது. அப்புறம்தான், காலியான லயத்தின் மேல் மண் சரிகிறது.

அசந்துபோனேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"கதை நல்லா இருக்கும்மா. ஆனா சக்தி உள்ள பிள்ளைன்னா அவ சொன்ன உடனே எல்லாரும் நம்பணும் இல்லையா? அந்த இடத்தை மாத்திக் குடு, புத்தகத்துல போட்டுடலாம்."

புத்தகத்தில் பேர் வர அவளுக்கு எவ்வளவு ஆசை... முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கதை எழுதிய கொப்பியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மாத்த மாட்டேங்க மிஸ். போடாட்டியும் பரவாயில்லை."

"ஏம்மா?"

"எங்க லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்குங்க. நானே பெரியவங்ககிட்ட மூணு தடவ சொல்லிட்டேன். யாரு வந்து பார்த்தாங்க? சங்கு ஊதினா ஏன்னு கேக்காம ஓடி வருவாங்க. பிள்ளைங்க சொன்னா வர மாட்டாங்க. அதுதானே மிஸ் உண்மை?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கதையைத் திருத்த வந்தவள், அப்படியே அவளோடு மேலே ஏறினேன். வெடிப்பு இருந்தது. குடையை விட்டுப் பார்த்தேன்... பாதிக் குடை உள்ளே போனது. பக்கத்துக் கொடியில் யாரோ குழந்தைச் சட்டை காயப்போட்டிருந்தார்கள்.

கதையில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. அப்படியே அச்சுக்குப் போகிறது. ஆனால் ஏழு குடும்பங்கள் இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கின்றன.

பொறுப்பில் உள்ளவர்களே, பிள்ளை நாலாவது தடவையாகச் சொல்கிறாள் — வந்து பாருங்கள்!