பரீட்சையில் கேட்ட என் குரல்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். தோல் பதனிடுகிற இடத்தில், எங்கள் பக்கத்தில் அதைத் தோல் ஷாப்பு என்போம், பதினோரு வருஷம், ஷூ கம்பெனியில் இருபத்துமூன்று வருஷம் வேலை பார்த்தவள். இவ்வளவும் செய்தவளுக்கு ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியவில்லை.

போன திங்கட்கிழமை காலையில் என் மருமகள் சுமதிக்கு ஒரு போன் வந்தது. கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "சரிங்க மேடம்... பரவால்லங்க மேடம்..." அவ்வளவுதான் பேச்சு. போனைப் பைக்குள் வைத்தாள்.

"இன்னாவாம்?" என்று கேட்டேன்.

"அந்த லைப்ரரி வேலைக்கு வேற ஆள் போட்டுட்டாங்களாம் அத்த. சாம்பார் இறக்கி வச்சிருக்கேன். உப்பு கம்மியா இருந்தா போட்டுக்கோங்க."

பஸ் வந்தது. போய்விட்டாள்.

உப்பைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறாளே... என்னை ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போகக் கூடாதா? அந்த வேலை கைநழுவியதற்குக் காரணம் நான். வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் மற்றவர்கள் செய்த கூத்தையெல்லாம் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்த வாரம் என் கூத்து. சிரிப்பு கம்மியாகத்தான் இருக்கும்.

சுமதி என் கடைசி மகனின் மனைவி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். நானும் அதே வேலை பார்த்தவள்தான். நூறு மெஷின் ஒரே ஹாலில் ஓடும். பக்கத்தில் இருப்பவள் காதுக்குள் கத்தினால்தான் கேட்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

குடியாத்தம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே லைப்ரரியில் கிளார்க் வேலை காலி என்று தெரிந்தது. ஆன்லைனில் ஆறு மாதம் படித்து, பரீட்சை எழுதி, சர்டிபிகேட் கொண்டு வந்தால் வேலை கொடுப்பதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சர்டிபிகேட் வந்தாக வேண்டும்.

"முப்பத்தெட்டு வயசுல எதுக்கும்மா இந்தப் பேஜாரு?" என்றேன்.

"சத்தமில்லாத ஒரு எடத்துல வேலை பாக்கணும் அத்த. அவ்ளோதான் ஆசை."

எனக்குப் புரிந்தது. புரிந்தும் என்ன செய்தேன்?

தினமும் சாயந்திரம் ஏழு மணிக்கு வகுப்பு. சுமதி போனைச் சுவரில் சாய்த்து வைத்து உட்காருவாள். சரியாக ஏழு ஐந்துக்கு எனக்குத் தண்ணீர் வேண்டும். ஏழு பத்துக்குக் கண்ணாடியைக் காணோம். ஏழேகாலுக்குக் கொல்லைக் கதவைத் தாழ் போட்டாளா என்று சந்தேகம். வீட்டில் ஒரு பெண் படிக்க உட்கார்ந்தால் மட்டும் நமக்கு எல்லா வேலையும் ஞாபகம் வருகிறதே, ஏன்? என் மகன் டி.வி. பார்க்கும்போது நான் ஒரு நாளும் கண்ணாடியைத் தொலைத்ததில்லை.

போகப் போக எனக்கும் வகுப்பு பிடித்துவிட்டது. பாடம் நடத்துகிற சார் முதல் பத்து நிமிஷம் "கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?" என்றே கேட்டுக்கொண்டிருப்பார். நான் சமையலறையிலிருந்து "கேக்குது, கேக்குது, நடத்துங்க" என்பேன். சோளிங்கரிலிருந்து ஒரு பெண் படித்தாள். அவள் மைக்கைத் திறந்தால் கோயில் ஸ்பீக்கரும் சேர்ந்து வகுப்புக்கு வந்துவிடும். புதுப் புத்தகம் வந்தால் ரெஜிஸ்டரில் எப்படி ஏற்றுவது, முதுகில் எங்கே லேபிள் ஒட்டுவது, ஒரு புத்தகத்தைத் தப்பான தட்டில் வைத்தால் அது தொலைந்த மாதிரிதான்... காய் நறுக்கிக்கொண்டே எல்லாம் கேட்டேன். சுமதி ஷூ பெட்டி அட்டையைக் கார்டு கார்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகப் பேர் எழுதி, சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கிப் பழகுவாள்.

லைப்ரரியில் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு நம்பர் உண்டாம். சாமிக்கு ஒரு நம்பர், கணக்குக்கு ஒரு நம்பர், சமையலுக்கு ஒரு நம்பர். ஒருநாள் சார் சொன்னார் — தோல் பதனிடுதல், அறுநூற்று எழுபத்தைந்து.

காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி கையிலேயே நின்றுவிட்டது.

"சுமதி, தோலுக்குக்கூட நம்பர் இருக்குதா?"

"இருக்கு அத்த. ஒலகம் பூரா அதே நம்பர்தான்."

தோல் ஷாப்பில் வேலை என்றால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார யோசித்த காலத்தில் வேலை பார்த்தவள் நான். எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டு வாடை போகாது. சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி பரிமாறப் போனால், "நீ உக்காரும்மா, மத்தவங்க பாத்துப்பாங்க" என்பார்கள். அந்தத் தோலுக்கு, அத்தனை பெரிய புத்தகங்களுக்கு நடுவில், ஒரு இடம் போட்டு வைத்திருக்கிறார்களா! அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

என்னோடு கம்பெனியில் வேலை பார்த்த ஷமீம் எதிர் வீடு. ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். "நம்ம தொழிலுக்கு நம்பர் குடுத்திருக்காங்கடி, ஷமீம்!"

"வேலூரு ஜெயில்லகூடத்தான் நம்பர் குடுக்கறாங்க. அதுக்கு இன்னாத்துக்கு அக்கா இந்தக் குதி குதிக்கற?" என்றாள்.

அவள் கிடக்கிறாள். நான் ரேஷன் கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. ராணிப்பேட்டையிலிருந்து சுமதியின் தம்பி லேப்டாப் கொண்டு வந்து கொடுத்திருந்தான். கேமரா ஓடும், மைக் ஓடும். எழுதுகிறவளைத் தவிர வேறு யாரும் அறையில் இருக்கக் கூடாது, வேறு குரலே கேட்கக் கூடாது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஹால், ஒரு சமையலறை. நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான்.

"அத்த, ஒரே ஒரு மணி நேரம் ஷமீம் அத்த வூட்ல இருக்கீங்களா?"

"ஏன், என் வூட்ல நான் இருக்கறதுக்கு எவன்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?"

அவள் திரையை இழுத்துவிட்டாள். நான் சமையலறையில் பீன்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூச்சுக்கூட விடமாட்டேன் என்று சத்தியம் வேறு.

முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் இருந்தேன். சுமதிக்கு எதையும் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தால்தான் மண்டையில் ஏறும். எழுதுகிறவள் குரல் கேட்டால் பரவாயில்லையாம். அவள் படித்த கேள்வி என் காதில் விழுந்தது. "ஷூ தயாரிப்பு பற்றிய புத்தகம் எந்த எண்ணின் கீழ் வரும்?"

அப்புறம் சத்தமே இல்லை.

ஐயோ, மறந்துவிட்டாளா? நாலு விநாடி, ஐந்து விநாடி... நம் கேள்வி அல்லவா இது! முப்பத்துநாலு வருஷம் இந்தக் கையில் புழங்கிய தோல் அல்லவா!

"அறநூத்தி எழுபத்தஞ்சு!" என்றேன்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். மெஷின் ஹாலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. எதிர் வீட்டில் ஷமீமுக்கே கேட்டதாம்.

திரையை விலக்கிப் பார்த்தேன். லேப்டாப்பில் சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது. சுமதி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரீட்சைய மூடிட்டாங்க அத்த."

"சரியான விடையத்தானே சொன்னேன்?"

"இல்ல அத்த. தோல் பதப்படுத்தறதுதான் எழுபத்தஞ்சு. தச்சு ஷூ ஆயிட்டா எம்பத்தஞ்சு. நான் எம்பத்தஞ்ச தொட்டுட்டேன். நெட்டு சுத்திக்கினு இருந்துச்சி."

தோல் ஷாப்பு வேறு, ஷூ கம்பெனி வேறு என்று எனக்குத் தெரியாதா? இரண்டிலும் சம்பளம் வாங்கியவள் நான். தெரிந்த விஷயத்திலேயே தப்பாகச் சொல்லி, கேட்காத இடத்தில் சொல்லி... சரி. அதைக்கூட விடுங்கள். வாய் தவறியது என்று யாரும் மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது.

அன்று சாயந்திரமே பரீட்சை நடத்துகிறவர்களிடமிருந்து மெயில் வந்தது. மூன்று நாளைக்குள் விளக்கம் அனுப்பலாம். குரல் யாருடையதோ, அவர் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். சரியென்று பட்டால் மறுபடி எழுத விடுவார்கள்.

இங்கே உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை காலம் சொல்லவில்லை.

இந்தப் பத்தியை நான் எழுதுவதில்லை. நான் சொல்கிறேன். என் பேத்தி யாழினி — சுமதியின் மகள், ஒன்பதாவது படிக்கிறாள் — அதை நல்ல தமிழாக்கி எழுதுகிறாள். எனக்குப் பஸ் போர்டு படிக்க வரும். என் பேர் எழுத வரும். அதற்கு மேல் எழுத வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்தையும் யோசித்து யோசித்துத்தான் போட வேண்டும். பத்திரிகை ஆசிரியர் முதலில் கேட்டபோது "எழுதி அனுப்பறேன்" என்று சொன்னேன். யார் எழுதுவது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "உங்கள் கையெழுத்தில் ஒரு வாழ்த்து அனுப்புங்கள்" என்று வாணியம்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். கை வலி என்று பதில் போடச் சொன்னேன். அம்மா, எனக்குக் கை வலி இல்லை.

மறுநாள் காலையில் சுமதி பேப்பரும் பேனாவும் கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"நான்தான் பேசினேன், அவ மேல தப்பில்லன்னு ரெண்டு வரி போதும் அத்த. எழுத்து கோணலா இருந்தாகூட பரவால்ல."

அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு மட்டும் அந்தக் 'கோணல்' சுருக்கென்று குத்தியது.

"யாரு எழுத்தும்மா கோணலு? பத்திரிகையில பேரு வர்ற மனுஷி நானு. எவனோ ஒரு ஆபீஸ்காரனுக்கு மன்னிப்பு எழுதணுமா? நாளைக்குப் பாக்கலாம் போ."

ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு ஆபீஸில், யாரோ என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். அந்த யாரோவின் முகம்கூட எனக்குத் தெரியாது. இரண்டு வரி எழுத எனக்கு எவ்வளவு நேரமாகும்? அரை மணி? ஒரு மணி? மறுநாள் தலைவலி என்றேன். மூன்றாம் நாள் அவள் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. பேப்பரும் பேனாவும் அதே இடத்தில் கிடந்தன. நாலாம் நாள் காலையில் அவளே எடுத்து வைத்துவிட்டாள்.

ஷமீம்தான் விடவில்லை. "சத்தம் போடக் கூடாத எடத்துல சத்தம் போட்ட. பேச வேண்டிய எடத்துல கம்முனு இருந்துட்ட. இன்னா அக்கா நீ?" என்றாள். இந்த முறை அவள் கிண்டல் செய்யவில்லை.

அடுத்த பேட்சில் சுமதி மறுபடி சேரலாமாம். கேட்டேன். "பாக்கலாம் அத்த" என்றாள். அட்டைக் கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். ஏழு மணிக்கு வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. எனக்குத் தண்ணீரும் வேண்டியிருக்கவில்லை, கண்ணாடியும் தொலையவில்லை.

நேற்று ஒரு பேப்பரை எடுத்து, 'நான்தான் பேசினேன்' என்று எழுதிப் பார்த்தேன். கோணல்தான். ஆனால் வந்துவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் யாழினி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"ஆயா, இத்த நெஜமாவே அனுப்பணுமா? ஒனக்கு எழுதத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

தெரியட்டும். அதையும் எழுதிக்கொள். எழுதிவிட்டாயா? சரி, இப்போது முதல் வரியிலிருந்து படி, கண்ணு. எனக்காக இல்லை... உங்கம்மாவுக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகப் படி.