உப்புப் போட்ட முருங்கை இலை

மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு எங்கள் வளவு முருங்கையைத் தெரிந்தெடுத்தாள். இலையைக் காயவைத்து அனுப்பச் சொன்னதும் என் மனைவிக்குப் பெருநாள் வந்த மாதிரி. எங்கள் பக்கத்தில் தூரத்துக்கு அனுப்பும் எதையும் உப்பில்லாமல் கட்டமாட்டார்கள். அவளும் இலையைச் சுடுதண்ணீரில் முக்கி, உப்புப் பிரட்டி, கருவாடு காயும் வலையில் பரப்பி, உச்சி வெயிலில் சருகாக்கினாள். நான் காகம் விரட்டினேன்.

அதை அனுப்பிய பிறகு ஒருநாள் மகள் போனில் அழுகிற குரலில் பேசினாள். சோதனைக் குழாயில் ஊதா நிறத் திரவம் இருக்குமாம். இலைச்சாற்றில் சத்து இருந்தால் ஊதா வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்று மெசின் அளக்கும். எங்கள் இலைக்கு அது வெளிறவே மறுத்ததாம்.

"உம்மா, இலைக்கு என்ன செஞ்சீங்க?"

"கொஞ்சம் உப்புப் போட்டேன் மகள். பழுதாகாம இருக்க."

"அல்லாஹ்! அப்ப நான் தராசில நிறுத்தது இலையையா, உப்பையா?"

சுடுதண்ணீரில் பாதிச் சத்துக் கரைந்திருக்கும், மிச்சத்தை வெயில் தின்றிருக்கும் என்றாள். அடுத்த கிழமை மெசினில் அவளுடைய முறை. அதைத் தவறவிட்டால் பட்டம் பிந்தும்.

மனைவி போனை என் கையில் திணித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். போனில் எனக்குப் பேச வராது. "இப்ப எப்பிடிக் காய வைக்கணும், சொல்லுங்க மகள்" என்று மட்டும் கேட்டேன்.

"நிழல்ல, வாப்பா. வெளிச்சமே படக்கூடாது."

வீட்டில் இருட்டான இடம் எங்கள் படுக்கையறைதான். யன்னலுக்குக் காட்போட் மட்டை அடித்தோம். கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து இலையைப் பரப்பி, காற்றாடியைப் போட்டுவிட்டு, நாங்கள் முன்னறையில் பாயில் படுத்தோம்.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "யாரு ராத்தா கட்டில்ல, விருந்தாளியா?"

"ஓம். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை" என்றாள் மனைவி.

காய்ந்த இலையைக் கறுப்புப் பையில் கட்டி நானே பஸ்ஸில் கொண்டுபோனேன். யன்னல் பக்கம் இருக்கவில்லை.

சில நாளில் போனுக்குப் படம் வந்தது. ஒரு குழாய் ஊதா, மற்றது எலுமிச்சை மஞ்சள். மனைவி உடனே மகளுக்கு அழைப்பு எடுத்தாள்.

"ஊதா என்ட இலையா?"

"ஓம் உம்மா. அதையும் ஆய்வில எழுதுறன். எப்பிடிக் காய வைக்கக் கூடாதுன்னு."

"மிச்சத்தை வீசிட்டீங்களா?"

"வீசுறதா? தேங்காப்பூப் போட்டு வறுத்து ரூம்ல எல்லாருமாத் தின்டாச்சு. இன்னும் கேக்கிறாளுவ."

மனைவி போனை வைத்தாள். உப்புப் போத்தலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இலை பறிக்கும் கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு முருங்கையடிக்குப் போனாள்.