பதினொரு கோடு விழுந்த நாவல்

அம்மாவின் கல்வெட்டை அச்சகத்துக்குக் கொடுக்க எனக்கு நான்கு நாட்கள் இருந்தன. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்கள் கையோடு கொண்டுபோகும் சின்னப் புத்தகம் அது. உள்ளே தேவாரங்களும் இறந்தவரின் வாழ்க்கை வரலாறும் இருக்கும். தேவாரங்கள் தம்பி வினோதனின் பொறுப்பு. வரலாறு என்னுடையது.

பெயர் சிவலட்சுமி. பிறந்தது 1964, பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1977 கலவரத்தோடு தாய் தகப்பனுடன் வன்னிக்கு வந்து அக்கராயனில் குடியேறினார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அரிசி ஆலையில் அவித்த நெல் காயவிடுவது வேலை. கணவர் ஏரம்பு 2009இல் எங்களோடு முகாமுக்கு வந்து சேரவில்லை. பிள்ளைகள் இருவர். இறந்தது பங்குனி மாதம், அறுபதாவது வயதில், மாரடைப்பு. பகல் பதினொன்றரை மணி, நல்ல வெயில்.

இவ்வளவும் எழுதியும் அரைப் பக்கம்தான் வந்தது. அம்மாவின் வாசிப்பு அதில் இல்லை.

ஆலையின் சீமெந்துக் களத்தில் நெல்லைப் பரப்பினால் அரை மணிக்கு ஒருக்கால் காலால் துழாவிவிட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் மற்றப் பெண்கள் வெற்றிலை போடுவார்கள். அம்மா நாவல் வாசிப்பார். ஒரு துழாவலுக்கு ஒரு அத்தியாயம். அத்தியாயம் நீண்டால் நெல் கூடக் காய்ந்து, குத்தும்போது அரிசி உடையும். "எழுதினவருக்கு நெல் காயவிட்டுப் பழக்கமில்லை" என்று அப்படியான புத்தகங்களைக் குறை சொல்வார். ஒரு நாவலை முடித்ததும் பின் அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. திரும்ப வாசித்தால் இன்னொன்று. ஐந்தாவது கோடு குறுக்கே விழும். ஆலையில் மூட்டை எண்ணுவதும் அப்படித்தான்.

அவருக்கு மிகவும் பிடித்த நாவல் எது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வவுனியாவில் இருந்த தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"அவா எல்லாத்தையும்தானே வாசிச்சவா" என்றான்.

"எல்லாம் எண்டு கல்வெட்டில போடேலாது."

"அப்ப எண்ணிப் பாருங்கோவன் அக்கா. நீங்கள்தானே இஞ்சினியர்."

"நான் சேவையர்."

"அதுவும் அளக்கிற வேலைதானே."

அலுமாரியில் நாற்பத்தொரு நாவல்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பின் அட்டையையும் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவற்றில் ஒரு கோடு. சிலவற்றில் இரண்டு. 'கொழுந்து வாடாத மலை' என்ற நாவலில் மட்டும் பதினொன்று. தேயிலைத் தோட்டத்துக் கதை. சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. 'பிறந்த மலையை மறவாத அவர் பதினொரு தடவை வாசித்து நெஞ்சோடு வைத்திருந்த நாவல்' என்று எழுதி அன்றே அச்சகத்துக்கு அனுப்பினேன்.

மறுநாள் ஸுஹறா அன்ரி வந்தா. அவா முல்லைத்தீவு. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு 2011இல் திரும்பி வந்து, ஸ்கூட்டியில் ஊர் ஊராய்ப் புடைவை விற்கிறவா. புடைவைப் பொதிக்குள் எப்போதும் நாலைந்து நாவல் இருக்கும். ஒரு வீட்டில் வாங்கி அடுத்த வீட்டில் கொடுப்பா. அம்மாவோடு சிநேகிதம் பிடித்தது அப்படித்தான். நான் எழுதியதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினா.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான் அன்ரி."

"அல்லாஹ்வே! சிவா இருந்திருந்தா உன்ர காதைத் திருகியிருப்பா மகள். அவாவுக்கு இந்த உலகத்திலயே பிடிக்காத நாவல் இது."

"பதினொரு தரம் வாசிச்சிருக்கிறா."

"வேற ஒண்டும் கையில இல்லாமல் வாசிச்சது. பசிச்சா வெறுஞ்சோறும் இறங்கும்தானே."

2008இல் அக்கராயனை விட்டு வெளிக்கிட்டபோது வீட்டில் இருந்த ஒரே நாவல் அதுதான். நல்லதெல்லாம் இரவலில் போயிருந்தது. தறப்பாள் கொட்டில்களிலும் பிறகு முகாமிலுமாக அதையே திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறார். பக்கத்தில் இருந்த எனக்கு அது தெரியவில்லை. அப்போது நான் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல புத்தகம் எண்டா முடிச்ச கையோட ஆருக்காவது குடுத்திடுவா" என்றா அன்ரி. "இந்த அலுமாரியில கிடக்கிறதெல்லாம் ஒருத்தருக்கும் குடுக்க வெக்கப்பட்டது."

நான் எண்ணியது மிச்சத்தை. நல்லவை அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

புத்தகத்தை முதல் தடவையாக உள்ளே திறந்தேன். ஓரமெல்லாம் அம்மாவின் எழுத்து. கதாநாயகி கொழுந்து பறித்தபடி பாடும் இடத்தில்: 'அட்டை கடிக்கேக்க பாட்டு வருமோ?' கங்காணியைக் கும்பிடும் இடத்தில்: 'எங்கட அம்மா எண்டால் கூடையாலேயே போட்டிருப்பா.' கடைசிப் பக்கத்தில் அவள் மூடுபனியில் செத்துப்போகிறாள். அங்கே, வேறு மையில்: 'இவளைக் கொல்லாட்டி உமக்குக் கதை முடிக்கத் தெரியாதோ?'

"அப்ப பிடிச்சது எது அன்ரி?"

"'வடக்கு வாய்க்கால்'. அதில என்ன கேக்கக் கிடக்கு? ஒரு பொம்பிளை வேலைக்குப் போறாள், பஸ்ஸைத் தவறவிடுறாள், பக்கத்துக் காணிக்காரனோட வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை பிடிக்கிறாள். அவ்வளவுதான் கதை. எனக்கு நித்திரை வந்திட்டுது. அதைச் சிவாட்டச் சொல்லிப்போட்டு ரெண்டு மாசம் பேச்சு வாங்கினன்."

"ஏன் பிடிச்சதாம்?"

"நானும் கேட்டன். 'முந்நூறு பக்கத்தில ஒருத்தரும் அவளைப் பாத்துப் பாவம் எண்டு சொல்லேல்ல, ஸுஹறா' எண்டா."

அச்சகத்துக்குப் போன் எடுத்தேன். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மெசின் ஓடப்போவதாகவும், மாற்றுவதானால் அதே நீளத்தில் மாற்றித் தரும்படியும் சொன்னார்கள். இல்லாவிட்டால் தேவாரம் அடுத்த பக்கத்துக்குத் தள்ளுமாம். நான் எழுதிக் கொடுத்தது: 'விரும்பிய நாவல் வடக்கு வாய்க்கால். விரும்பாதது கொழுந்து வாடாத மலை. இரண்டையும் கவனமாக வாசித்தார்.'

'வடக்கு வாய்க்கால்' அப்போது நாயாற்றில் அனோஜா என்ற பெண்ணிடம் இருந்தது. அவள் கடற்கரை மீன்வாடியில் கருவாடு காயப்போடுகிறவள். முப்பத்தோராம் நாளன்று அதை அம்மாவின் படத்துக்கு முன்னால் வைக்க விரும்பினேன். அன்ரி போன் எடுத்து விசயத்தைச் சொல்லி என்னிடம் தந்தா.

"சிவா அக்காவின்ர மகளோ?" என்றாள் அனோஜா. "குறை நினைக்காதேங்கோ, இப்ப தரேலாது. பதினாலாம் அத்தியாயத்தில நிக்கிறன். கருவாட்டைப் புரட்டிற இடைவெளியிலதான் வாசிக்கிறது. முடிச்சாலும், எனக்குப் பிறகு ரெண்டு பேர் சொல்லி வச்சிருக்கினம்."

"அந்த ரெண்டு பேருக்குப் பிறகு என்ர பேரைப் போடுங்கோ."

"நீங்கள் இன்னும் வாசிக்கேல்லையோ?"

"இல்லை."

"அப்ப ஆவணி ஆகும்" என்றாள்.

ஆவணி பரவாயில்லை என்றேன்.